கழுத்துக்கு எந்த மரம்?

சுங்கை காடுட் பட்டறையிலிருந்து வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எனக்கென்று ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்யச் சொல்லியிருக்கிறேன், அண்ணா. உடலுக்கான மரம் முடிவாகிவிட்டது. கழுத்துக்கு மேப்பிள், மகோகனி, வெங்கே மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள் என்கிறார் செய்பவர். மேப்பிள் பளிச்சென்று ஒலிக்குமாம், மகோகனி இதமாக ஒலிக்குமாம், வெங்கேயில் அடித்தொனி நன்றாக வருமாம். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடுகிறது. நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள்?
— தெம்பனிஸ் வாசகர்

பதில்: தம்பி, நானாக இருந்தால் மரத்தின் பெயரைக் கடைசியில்தான் கேட்பேன். பலகை எப்படி அறுக்கப்பட்டது, எந்த அளவுக்குக் காய்ந்திருக்கிறது, கழுத்து எத்தனை மில்லிமீட்டர் தடிமனில் வரப்போகிறது என்பவற்றை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லாமல் ஒலியைப் பற்றி மட்டும் பேசுகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தடிமனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் யாரும் அதைப் பேசுவதில்லை. 10-46 என்ற தடிமன் அளவுள்ள ஆறு தந்திகளை வழக்கமான சுருதியில் ஏற்றினால், 648 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள கிட்டாரின் கழுத்தை ஏறத்தாழ 47 கிலோ விசை இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கும். அதற்கு வளைந்து கொடுக்காமல் நிற்பதுதான் கழுத்தின் முதல் வேலை. மேப்பிளின் விறைப்பு மகோகனியைவிடச் சுமார் கால் பங்கு அதிகம். ஆனால் விறைப்பு தடிமனின் முப்படிக்கு ஏற்பக் கூடுகிறது. 20 மில்லிமீட்டர் கழுத்தை 22 ஆக்கினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். அதாவது, 22 மில்லிமீட்டர் மகோகனிக் கழுத்து 20 மில்லிமீட்டர் மேப்பிள் கழுத்தைவிட உறுதியானது. மூன்று மரங்களுக்கு நடுவே நீங்கள் படும் பாடு அந்த 2 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. உங்கள் கைக்குப் பொருந்துகிற தடிமனை முதலில் முடிவு செய்யுங்கள். மெல்லிய கழுத்துதான் வேண்டுமென்றால் விறைப்பான மரத்துக்குப் போகவேண்டும். உருண்டு திரண்ட கழுத்து பிடிக்குமென்றால் மூன்றில் எதுவும் தாங்கும்.

அடுத்தது அறுப்பு. பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஆண்டு வளையங்களின் கோடுகள் பலகையின் அகலமான முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அது நிமிர்ந்த ரேகை. படுத்துக் கிடந்தால் படுக்கை ரேகை. மரம் ஈரம் குடித்து விரியும்போது வளையத்தை ஒட்டிய திசையில் விரிவது, வளையத்துக்குக் குறுக்கே விரிவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மேப்பிளில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். நல்ல படுக்கை ரேகை மேப்பிளில் ஃபெண்டர் கிட்டார் நிறுவனம் செய்த கழுத்துகள் அறுபது எழுபது ஆண்டுகளாக நேராக நிற்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே படுக்கை ரேகை என்றதும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒதுக்கவேண்டியது வேறொன்று: பலகையின் ஒரு முனையில் ரேகை நிமிர்ந்தும் மறுமுனையில் சாய்ந்தும் இருந்தால், அந்தக் கழுத்து வளைவதோடு நிற்காது, முறுக்கும். வளைவை உள்ளேயிருக்கும் டிரஸ் ராடு என்ற இறுக்கும் கம்பி சரிசெய்யும். முறுக்கை எந்தக் கம்பியாலும் சரிசெய்ய முடியாது.

பலகையின் பக்கவாட்டையும் பார்க்கவேண்டும். இழைக் கோடுகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடுகின்றனவா, பாதியிலேயே மேற்பரப்பை வெட்டிக்கொண்டு வெளியேறிவிடுகின்றனவா? தின்னரைத் துணியில் தொட்டுத் துடைத்தால் கோடுகள் பளிச்சென்று எழும், காய்வதற்குள் பார்த்துவிடலாம். பாதியில் வெளியேறும் கோடு இருக்கிற பலகையை மேசைக்குக் கொடுத்துவிடுங்கள், கழுத்துக்கு வேண்டாம்.

டிரஸ் ராடு என்றதும் ஒரு செய்தி. கழுத்துக்குள் இறுக்கும் கம்பி வைக்கும் முறைக்கு கிப்சன் நிறுவனத்தில் இருந்த தாடியஸ் மெக்ஹியூ 1923-இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். இருந்தும், 1950-இல் லியோ ஃபெண்டர் தம் முதல் கிட்டார்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, கெட்டியான மேப்பிளுக்குக் கம்பி எதற்கு என்று விட்டுவிட்டார். அந்தக் கழுத்துகள் வளைந்தன. அதே ஆண்டிலேயே கம்பி உள்ளே போயிற்று. மேப்பிளையே வளைத்துவிடுகிற தந்திக்கு முன்னால் 'இந்த மரம் அசையவே அசையாது' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இருபுறமும் இறுக்கக்கூடிய டிரஸ் ராடு வையுங்கள் என்று செய்பவரிடம் சொல்லிவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் கழுத்து எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

இனி ஒலி. மின்கிட்டாரில் கழுத்து மரம் ஒலியை மாற்றாது என்று நான் சொல்லமாட்டேன். மாற்றுகிறது. ஆனால் மரத்தின் பெயரை வைத்து 'பளிச்', 'இதம்' என்று பிரிப்பதை நான் ஏற்கவில்லை. கழுத்தும் தந்தியோடு சேர்ந்து அதிர்கிறது. கழுத்தின் சொந்த அதிர்வும் ஒரு சுரத்தின் அதிர்வும் ஒத்துப்போகும் இடத்தில், தந்தியின் ஆற்றலைக் கழுத்து விழுங்கிவிடும். அந்தச் சுரம் மட்டும் சட்டென்று அடங்கிப்போகும். திருகாணியில் பூட்டிய கழுத்துகளில் இதை அடிக்கடி கேட்கலாம். தலைப்பலகையில் ஒரு சிறிய கிளாம்பை மாட்டிவிட்டு அதே சுரத்தை மீட்டிப் பாருங்கள்: அடங்கிய இடம் ஒன்றிரண்டு ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) தள்ளிப் போயிருக்கும். விறைப்பும் எடையும் செய்கிற வேலை இது. ஒரே மேப்பிள் மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளுக்குள்ளேயே இந்த வேறுபாடு உண்டு. ஆகவே செய்பவரிடம் இருக்கும் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, முனையிலிருந்து கால் பங்கு தூரத்தில் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, நடுவில் தட்டிக் கேளுங்கள். நீண்டு ஒலிப்பதை எடுங்கள், தொப்பென்று அடங்குவதைக் கீழே வைத்துவிடுங்கள்.

உங்கள் மூன்றில் என் விருப்பம்: திருகாணியில் பூட்டும் கழுத்தானால் மேப்பிள். வெங்கே அருமையான மரம், மூன்றிலும் விறைப்பு அதிகம். வார்னிஷ் பூசாமல் எண்ணெய் மட்டும் தேய்த்து விட்டால் கை வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் கனமீட்டருக்கு 870 கிலோ எடை, மேப்பிளோ சுமார் 700. இலேசான உடலோடு சேர்த்தால் தோளில் மாட்டியதும் தலை கீழே சாயும். அதன் சிலாம்பு ஆழமாக ஏறும், தூசு சிலருக்கு ஒவ்வாமையைத் தரும், பட்டறைக்காரர்கள் முகக்கவசம் இல்லாமல் தொடக்கூடாது. மகோகனியைப் பசையால் ஒட்டும் கழுத்துக்குத்தான் நான் எடுப்பேன். அப்போது ஒரு எச்சரிக்கை: தலைப்பலகை பின்னால் சாய்ந்த வடிவமானால், தலைப்பலகை தொடங்கும் இடத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டு என்ற துண்டுக்குப் பின்னே இழை குறுகி வெளியேறும். கிப்சன் பாணியில் 17 டிகிரி சாய்வு என்றால், கிட்டார் ஒருமுறை சாய்ந்து விழுந்தாலே அங்கே ஒடியும். என் மேசைக்கு வரும் ஒடிந்த கழுத்துகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில் ஒடிந்தவை. அந்தப் பின்புறத்தில் சிறிது தடிப்பு விடச் சொல்லுங்கள், அல்லது தலையைத் தனியாக வெட்டிச் சரிவாக ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: அலை அலையாக ரேகை ஓடும் மேப்பிளில் கழுத்து செய்தால் கூடுதல் உறுதியா?
— ஹவ்காங் வாசகர்

பதில்: இல்லை. அந்த அலையே இழை நேராக ஓடாததால் வருவது. கண்ணுக்கு விருந்து, கழுத்துக்கு உதவியில்லை. அழகை உடலின் மேற்பலகைக்கு வைத்துக்கொண்டு, கழுத்துக்கு அலை ஏதும் தெரியாத வெறும் மேப்பிளைக் கேளுங்கள்.

கேள்வி: என் மகன் தேசிய சேவையை முடித்துவிட்டு, சேர்த்த பணத்தில் ஒரு கிட்டார் செய்யச் சொல்லப் போகிறான். 'வறுத்த மேப்பிள்' கழுத்துதான் வேண்டும் என்கிறான். வறுத்த மரத்துக்கு விலை அதிகமாம். வறுத்தால் மரம் வீணாகிவிடாதா? அவன் பணத்தை யாரும் ஏமாற்றிவிடக்கூடாது என்பதற்காகக் கேட்கிறேன்.
— புக்கிட் பாஞ்சாங் தாய்

பதில்: கவலை வேண்டாம் அம்மா, இதில் ஏமாற்று இல்லை. உங்கள் மகன் விவரம் தெரிந்துதான் கேட்கிறார். ஆக்சிஜன் இல்லாத சூளையில் மரத்தை 160 முதல் 220 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்கள். காற்று இல்லாததால் எரியாது. மரத்துக்குள் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள்கள் சிதைந்துவிடும். அதன்பின் அது சாதாரண மரத்தைவிடக் குறைவாகவே ஈரம் குடிக்கும். நிறம் உள்ளேவரை பழுப்பாகிவிடும். அறுக்கும்போது வெல்லம் காய்ச்சும் வாசனை வரும், எனக்குப் பட்டறையில் மிகவும் பிடித்த வாசனை அது.

சிங்கப்பூருக்கு இது ஏன் நல்லது என்று சொல்கிறேன். இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டைத் தாண்டும். விடியற்காலையில் 90-க்கு மேல் போகும், மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். சன்னல் திறந்திருக்கும் வீவக அடுக்குமாடி வீட்டில் மரம் 15, 16 விழுக்காடு ஈரத்தில் போய் நிற்கும். இரவெல்லாம் குளிரூட்டி ஓடும் அறையில் அது 10 பக்கம் இறங்கப் பார்க்கும். கிட்டாரை வரவேற்பறையில் பாதி நாள், குளிரூட்டிய அறையில் பாதி நாள் வைத்தால் கழுத்து ஓயாமல் விரிந்தும் சுருங்கியும் அல்லாடும். வறுத்த மரம் இந்த அலைச்சலைக் குறைக்கிறது, அறவே போக்காது.

ஒரு குறையும் உண்டு. வறுத்த மரம் முறுகலானது. திருகாணிக்குச் சரியான அளவில் முன்துளை போடாமல் முறுக்கினால் வெடித்துவிடும். மகன் வீட்டிலேயே சுருதிச் சாவிகளை மாற்றுகிற பழக்கமுள்ளவரானால் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். அளவுக்கு மீறிக் கருத்த பலகையைத் தவிர்க்கச் சொல்லுங்கள், வெளிர் பழுப்பே போதும். கையில் காசு குறைவாக இருந்தால், வறுக்காத நல்ல மேப்பிளை வாங்கி கிட்டாரை ஒரே அறையில் வைத்திருந்தாலே முக்கால்வாசிப் பயன் கிடைத்துவிடும்.

கேள்வி: தாத்தா ரஜுலா கப்பலில் வந்தவர். சிராங்கூன் சாலைப் பக்கம் தச்சர் ஒருவரிடம் செய்து வாங்கிய தேக்குக் கட்டில் இப்போது எங்கள் வீட்டுக் கிடங்கறையில் பிரித்துக் கிடக்கிறது. அதன் மரத்தில் என் கிட்டாருக்குக் கழுத்து செய்ய முடியுமா? செய்தால் நன்றாக இருக்குமா, ஆசைக்கு மட்டும்தானா?
— ஈசூன் வாசகர்

பதில்: நன்றாகவே இருக்கும். இப்படி ஒரு கடிதம் வந்ததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. தேக்கின் விறைப்பு கெட்டி மேப்பிளுக்கு ஏறத்தாழச் சமம். ஈரத்தால் விரிவதும் சுருங்குவதும் மேப்பிளில் ஏறத்தாழப் பாதிதான். அதற்குமேல் உங்கள் மரம் இந்த ஊர்க் காற்றிலேயே பல்லாண்டுகள் கிடந்து பழகிவிட்டது. கடையில் காசு கொடுத்தாலும் அந்தப் பழக்கம் கிடைக்காது.

கடைசல் பிடித்த கால்களைத் தொடவேண்டாம். அவற்றில் நேரான நீளம் போதாது, கடைந்த இடங்களில் மரம் மெலிந்திருக்கும். உங்களுக்கு வேண்டியது கட்டிலின் நீளச் சட்டம். தலைப்பலகை சாயாத கழுத்துக்கு 70 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், இரண்டரை சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் போதும். சட்டத்தின் இரு முனையிலும் நாக்குப் பொருத்தம் இருக்கும், குறுக்குப் பலகை உட்காரும் வெட்டும் இருக்கும். அவற்றைத் தள்ளிவிட்டு மிஞ்சும் நடுப்பகுதியை அளந்து பாருங்கள். அகலம் போதவில்லை என்றால் மூன்று கீற்றுகளாக அறுத்து, நடுக்கீற்றைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு ஒட்டச் சொல்லுங்கள். ஒரு கீற்று ஒரு பக்கம் வளையப் பார்த்தால் அடுத்தது எதிர்ப்பக்கம் இழுத்து நிறுத்தும்.

முதலில் ஆணி தேடவேண்டும். தலையில்லாத பழைய ஆணி வார்னிஷுக்குள் மறைந்து கிடக்கும், ஒன்று மாட்டினால் ரம்பத்தின் பல் போய்விடும். உலோகம் காட்டும் சிறு கருவியால் நான்கு முகத்தையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தில் விடவேண்டும். ஓரத்தில் வெளிறிய பகுதி இருந்தால், அதில் பூச்சித் துளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெட்டி எறியுங்கள். வைரம் பாய்ந்த உள்பகுதி மட்டும் போதும். தேக்கில் மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் உளியும் இழைப்புளியும் சீக்கிரம் மழுங்கும், செய்பவர் கூலி கூடுதலாகக் கேட்டால் அது நியாயம். எண்ணெய்ப் பசை உள்ள மரம் என்பதால், ஒட்டும் முகங்களை அசிட்டோனால் துடைத்து, அது ஆறியவுடனேயே எபோக்சி வைத்து ஒட்டவேண்டும். துடைத்துவிட்டு நாளைக்கு ஒட்டலாம் என்று வைத்தால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

அறுப்பதற்குமுன் வீட்டில் எல்லாரையும் கேட்டுக்கொள்ளுங்கள். தாத்தாவின் கட்டில் உங்களுக்கு மட்டும் சொந்தமல்ல. ஒரு சட்டம் போதும், மற்றதை அப்படியே வையுங்கள். நாளைக்கு உங்கள் தங்கை மகளும் கேட்கலாம்.

கேள்வி: வீணை கற்கிறேன், கிட்டாரும் வாசிப்பேன். வீணை முழுக்கப் பலா மரத்தில்தானே செய்கிறார்கள்? கிட்டார் கழுத்துக்கு ஏன் யாரும் பலாவைத் தொடுவதில்லை?
— லிட்டில் இந்தியா வாசகி

பதில்: வீணையின் தண்டியை ஒருமுறை கையால் சுற்றிப் பிடித்துப் பாருங்கள், பிடிபடாது. அகலமாகவும் ஆழமாகவும் குடைந்த தண்டி அது, அந்த வடிவமே அதற்கு விறைப்பு. பித்தளை மெட்டுகள் மெழுகில் உட்கார்ந்திருப்பதால், மரம் சற்று அசைந்தாலும் மேளம் கட்டுபவர் (மெட்டுகளைச் சுருதிக்கேற்ப அமைப்பவர்) மெழுகை இளக்கி மறுபடி சரிசெய்துவிடலாம். கிட்டார் கழுத்து ஒல்லி, ஃப்ரெட்டை மரத்திலேயே அடித்து இறக்கியாயிற்று, சரிசெய்ய இடம் மிகக் குறைவு. அதனால் பலாவை நான் தனியாகக் கழுத்துக்குப் போடமாட்டேன். இரண்டு மேப்பிள் கீற்றுகளுக்கு நடுவே ஒரு பலாக் கீற்று வைக்கலாம், மஞ்சள் கோடு அழகாகத் தெரியும். உடலுக்கு முழுப் பலாவே வைக்கலாம், அதை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: எல்லாம் வெளிநாட்டு மரமாகவே இருக்கவேண்டுமா? நம் வட்டார மரம் எதுவும் கழுத்துக்கு ஆகாதா? சாலையோரம் வெட்டிய தூங்குமூஞ்சி மரப் பலகை ஒன்று என்னிடம் இருக்கிறது.
— ஜூரோங் வாசகர்

பதில்: தூங்குமூஞ்சி மேசைக்கு அழகு, கழுத்துக்கு மென்மை. நியாத்தோ மரத்தைத் தேடுங்கள். மலேசியாவில் விளைவது, இங்கே அறைகலன் செய்கிறவர்களுக்கு நன்கு அறிமுகமானது. ஐபனெஸ் நிறுவனம் அதை உடலுக்கும் சில மாடல்களில் கழுத்துக்கும் பயன்படுத்துகிறது. கடலடியில் தந்திச் செய்தி அனுப்பும் கம்பிகளுக்கு உறை போட 19-ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர் வழியாகக் கப்பல் கப்பலாகப் போன கட்டாபெர்ச்சாப் பாலும் இந்த இனத்து மரத்திலிருந்து வடித்ததுதான். இந்த ஊருக்கு இவ்வளவு நெருக்கமான மரம் ஒரு கிட்டாரில் இருந்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் நியாத்தோ என்ற ஒரே வணிகப் பெயரில் பல வகை மரங்கள் வருகின்றன. ஒரு பலகை பஞ்சாகவும் அடுத்தது இரும்பாகவும் இருக்கும். கையில் தூக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: அடுத்த மாதம் கோயம்புத்தூர் போகிறேன். மாமா வீட்டில் பழைய ஈட்டி மரப் பலகை இருக்கிறது. முழு ஈட்டிக் கழுத்து செய்ய ஆசை. பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா?
— பொங்கோல் வாசகர்

பதில்: கொண்டுவராதீர்கள். ஆசை புரிகிறது. 1968-இல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்காக ஃபெண்டர் செய்த முழு ஈட்டி டெலிகாஸ்டர் கிட்டாரைப் பார்த்த யாருக்கும் அந்த ஆசை வரும். ஆனால் ஈட்டியின் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 2017 ஜனவரியிலிருந்து இருக்கிறது. பிரேசில் ஈட்டி 1992-லிருந்தே முதல் பட்டியலில், அதற்குச் சலுகையே கிடையாது. 2019 நவம்பரில் மற்ற வகைகளுக்குக் கிடைத்த தளர்வு, முடித்த இசைக்கருவிகள், முடித்த பாகங்கள் போன்ற முடித்த பொருள்களுக்குத்தான். வெறும் பலகைக்கு அது பொருந்தாது. அனுமதிச் சீட்டு வேண்டும்.  இங்கே 2014-இல் மடகாஸ்கரிலிருந்து கப்பலில் வந்த ஏறத்தாழ 30,000 ஈட்டிக் கட்டைகள் பிடிபட்டு, வழக்கு 2019 வரை நடந்தது. மேல்முறையீட்டில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டார்கள், அது வேறு. ஒரு பலகைக்காக உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். எதுவானாலும் புறப்படுமுன் தேசியப் பூங்காக் கழகத்திடம் எழுதிக் கேளுங்கள். மாமாவின் பலகை மாமா வீட்டிலேயே இருக்கட்டும். இங்கே முறையாக இறக்குமதியான ஈட்டி விரல்பலகையை மேப்பிள் கழுத்தின்மேல் ஒட்டிக்கொண்டால், விரல் தொடும் இடமெல்லாம் ஈட்டியாகவே இருக்கும்.

கேள்வி: கழுத்துக்கான மேப்பிள் கட்டையை அமெரிக்காவிலிருந்து வரவழைத்துவிட்டேன். நேற்று வந்து சேர்ந்தது. இந்த வார இறுதியில் செதுக்கத் தொடங்கலாமா?
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: தொடங்காதீர்கள். அங்கே சூளையில் 6 முதல் 8 விழுக்காடு ஈரத்துக்குக் காயவைத்து அனுப்பிய கட்டை அது. நம் காற்றைக் குடித்து இன்னும் விரியும். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைக் கழற்றுங்கள். கிட்டார் நாளை எந்த அறையில் இருக்கப்போகிறதோ அதே அறையில், தரையில் படுக்கவைக்காமல், இரண்டு மரத்துண்டுகளின்மேல் நான்கு பக்கமும் காற்றுப் படும்படி வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைக் கட்டையின் மேலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். எடை ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் நிற்கும். நின்ற பிறகு, முடிவான அளவைவிடச் சில மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு வடிவத்தை அறுங்கள். அறுத்ததும் உள்ளே இருந்த இறுக்கம் விட்டுக் கட்டை சற்றுத் திரும்பும். இன்னும் இரண்டு வாரம் அப்படியே வைத்து, இழைத்து நேராக்கி, அதன்பிறகே டிரஸ் ராடுக்கான பள்ளத்தை எடுங்கள்.